இரண்டு லட்சத்துக்கு நல்ல பிஸ்டல் எது?

போன மாதத்தில் மட்டும் மூன்று பேர் என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். மூவரும் அறுபதைத் தாண்டியவர்கள். மூவருக்கும் பல்லடம், காங்கேயம் பக்கம் தோட்டமும் அதில் ஒரு சாளையும் உண்டு. புதுச்சேரி அரசில் குமாஸ்தாவாக இருந்தபோது சில வருடங்கள் ஆயுத லைசென்ஸ் கோப்புகளைப் பார்த்தவன் நான் என்று எப்போதோ இங்கே எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு என்னைத் துப்பாக்கி நிபுணன் என்று நினைத்துக்கொண்டார்கள். நான் வாழ்க்கையில் சுட்டது திருவிழாக் கடையில் பலூனை மட்டும்தான். அதிலும் பாதி தப்பியது.

மூவரில் ஒருவர் காலை நடைக்கு என்னோடு வருபவர். பவர் டேபிள் யூனிட் வைத்து, பிறகு சொந்தமாக பனியன் கம்பெனி நடத்தி, இப்போது மகனிடம் ஒப்படைத்துவிட்டுத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறார். போனைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினார். டெக்சாஸில் இருக்கும் அவருடைய மருமகன் அனுப்பியது. கறுப்பாக, கனமாக ஒரு பிஸ்டல்.

"ஏனுங்க சார், நாப்பத்தஞ்சு போரு, செமி ஆட்டோமேட்டிக். இதே மாதிரி ரெண்டு லட்சத்துக்குள்ள எது வாங்கலாம்னு சொல்லுங்க. பணம் ரெடியா வெச்சிருக்கறனுங்க."

அவருக்கு நேரில் சொன்னதை எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கோபித்துக்கொள்பவர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

முதலில் நேரடியான பதில். நாற்பத்தைந்து போர் பிஸ்டல் இரண்டு லட்சத்துக்கு மட்டுமல்ல, இருபது லட்சத்துக்கும் உங்களுக்குக் கிடையாது. 1959-ஆம் வருட ஆயுதச் சட்டமும் அதன் கீழ் வந்த 2016 விதிகளும் துப்பாக்கிகளை ரகம் பிரித்து வைத்திருக்கின்றன. ராணுவமும் போலீசும் பயன்படுத்தும் தோட்டா எந்தத் துப்பாக்கியில் போகுமோ, அது தடை செய்யப்பட்ட ரகம். 9 மில்லிமீட்டர் பிஸ்டல், நாற்பத்தைந்து பிஸ்டல், பழைய வெப்லி 455 ரிவால்வர் எல்லாம் அதில் வந்துவிடும். அதற்கு அனுமதி கொடுப்பது நம் கலெக்டர் அல்ல, டெல்லியில் உள்துறை அமைச்சகம். அதுவும் தீவிரவாதிகளால் உயிருக்கு ஆபத்து உள்ளவர்கள் போன்ற சிலருக்குத்தான். சாளையில் தனியாக இருக்கிறேன் என்று எழுதினால் பதில்கூட வராது. லைசென்ஸ் இல்லாமல் அப்படி ஒன்றை வைத்திருந்து பிடிபட்டால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சமே ஏழு வருடம். பதினான்கு வரை போகலாம். எழுபது வயதில் ஏழு வருடம் என்றால் என்ன என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்தப் 'போர்' கணக்கு பலருக்குப் புரிவதில்லை. அது அங்குலக் கணக்கு. நாற்பத்தைந்து என்றால் ஒரு அங்குலத்தில் நூறில் நாற்பத்தைந்து பங்கு, அதாவது 11.43 மில்லிமீட்டர். நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். அங்குலம் எங்களுக்குப் பாடத்திலேயே கிடையாது. நாங்கள் திருட்டுத்தனமாகப் படித்த பிரெஞ்சு துப்பறியும் நாவல்களில் ரவுடிகள் இதே பிஸ்டலை 'ஓன்ஸ் கராந்த் த்ருவா', அதாவது பதினொன்று நாற்பத்து மூன்று என்றுதான் சொல்வார்கள். முப்பத்திரண்டு போர் பிஸ்டல் அவர்களுக்கு 'செத் சுவாசாந்த் சேங்க்', ஏழு அறுபத்தைந்து. நாற்பத்தைந்தின் குண்டு ஏறக்குறைய 15 கிராம் எடை. முப்பத்திரண்டின் குண்டு ஐந்து கிராம்கூட இல்லை. டெக்சாஸ் மருமகன் பெருமைப்படுவது இந்த வித்தியாசத்தைப் பார்த்துத்தான். அவர் ஊரில் அவர் போய் வாங்கிக்கொள்ளலாம். இங்கே நமக்குச் சட்டம் விட்டுவைத்திருப்பது அந்த ஐந்து கிராம்தான்.

சரி, முப்பத்திரண்டாவது வாங்கலாமே என்கிறீர்கள். விலையைப் பார்ப்போம். 1980-களின் நடுவிலேயே வெளிநாட்டுத் துப்பாக்கிகளைப் பொதுமக்களுக்காக இறக்குமதி செய்வதை நிறுத்திவிட்டார்கள். பிறகு பல வருடங்களுக்குச் சந்தையில் இரண்டே வழி. ஒன்று, அரசாங்கத் தொழிற்சாலையில் செய்தது. இன்னொன்று, தாத்தா காலத்து வெப்லி, கோல்ட், வால்தர். தாத்தா காலத்துச் சரக்குக்குப் பல லட்சம் கேட்கிறார்கள். சுழல்குழல் தேய்ந்து, ஸ்பிரிங் தளர்ந்து, உதிரி பாகம் கிடைக்காத ஒரு பழைய இரும்புக்கு ஒரு டெம்போ டிராவலர் விலை! 1970 மாடல் ஓவர்லாக் மெஷினை யாராவது புது மெஷினின் பத்து மடங்கு விலைக்கு வாங்குவார்களா? இந்த ஊரில் யாராவது விற்க வந்தால் சிரித்தே அனுப்பிவிடுவோம். துப்பாக்கி என்றதும் அந்தப் புத்தி எங்கே போகிறது?

அரசாங்கச் சரக்கின் கதை இன்னும் வேடிக்கை. டெல்லியில் அந்தப் பெண்ணுக்கு நேர்ந்த கொடுமைக்குப் பிறகு, 2014 ஜனவரியில் கான்பூர் தொழிற்சாலையிலிருந்து 'நிர்பீக்' என்று ஒரு ரிவால்வர் வந்தது. பெண்களுக்கானது என்று விளம்பரம். அரைக் கிலோ எடை, டைட்டானியம் கலவை, நகைப்பெட்டி மாதிரி ஒரு பெட்டி. விலை 1,22,360 ரூபாய். பஸ்ஸில் போகிற எந்தப் பெண் 1,22,360 ரூபாய்க்கு ரிவால்வர் வாங்குவாள்? திருப்பூரில் செக்கிங் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அது எத்தனை மாதச் சம்பளம்? பாதுகாப்பு கொடுக்க வேண்டியவன் கடை விரித்துவிட்டான் என்றுதான் எனக்கு அன்று தோன்றியது. இன்றும் அதே எண்ணம்தான்.

முப்பத்திரண்டு பிஸ்டலில் 'அசானி' என்ற அரசாங்கத் தயாரிப்பு இருக்கிறது. இப்போது உத்தரப்பிரதேசத்தில் சாண்டிலா என்ற ஊரில் வெப்லி பெயரிலேயே ரிவால்வர் செய்கிறார்கள். எல்லாம் ஒரு லட்சத்தைச் சுற்றியும் அதற்கு மேலும். இதற்கு மேல் 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்டலுக்கும் ரிவால்வருக்கும் 40 சதவீத ஜி.எஸ்.டி. கோலா பானங்களோடு சேர்த்து ஒரே பட்டியலில் வைத்துவிட்டார்கள். 2,500 ரூபாய் வரை உள்ள ஆயத்த ஆடைக்கு 5 சதவீதம். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வரி விகிதத்தைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கடைக்காரர் சொல்லமாட்டார். முப்பத்திரண்டு ரிவால்வர் தோட்டா வேறு, முப்பத்திரண்டு பிஸ்டல் தோட்டா வேறு. எண் ஒன்று என்பதால் ஒன்றை மற்றதில் போட முடியாது. நான் பார்த்த கோப்புகளிலேயே இந்தக் குழப்பத்தால் திரும்ப வந்த விண்ணப்பங்கள் உண்டு.

இனி லைசென்ஸ். சட்டத்தின் 13-ஆம் பிரிவைப் படித்தவர்கள் குறைவு. பாதுகாப்புக்காக இருபது அங்குலத்துக்குக் குறையாத குழல் உள்ள வழவழப்புக் குழல் துப்பாக்கியோ, பயிரைக் காக்க வாய்வழி மருந்து திணிக்கும் நாட்டுத் துப்பாக்கியோ கேட்டால், தள்ளுபடி செய்ய வேறு காரணம் இல்லாதவரை கொடுக்க வேண்டும் என்கிறது. பிஸ்டல், ரிவால்வர் என்றால் அப்படியல்ல. தகுந்த காரணம் இருக்கிறது என்று அதிகாரி திருப்திப்பட வேண்டும். அந்தத் 'திருப்தி' என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை வருடங்கள் அடங்கும் என்பதை அதன் இந்தப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான். ஆலை முதலாளி, அரசியல்வாதி, அவருடைய மைத்துனர் ஆகியோரின் காரணங்கள் சீக்கிரம் தகுந்தவையாகிவிடும். தனியாக இருக்கும் கிழவியின் காரணம் போலீஸ் அறிக்கைக்கு அனுப்பப்படும். பிறகு விளக்கம் கேட்டுத் திரும்பும், மறுபடி போகும். நான் பார்த்த லைசென்ஸ்களில் பாதிக்கு மேல் உயிருக்காக வாங்கியவை அல்ல, கல்யாண வீட்டில் இடுப்பில் தெரிவதற்காக வாங்கியவை. இப்போது அப்படிக் கல்யாணத்தில் சுட்டுக் காட்டினால் இரண்டு வருடம் வரை சிறை என்று 2019-இல் சேர்த்திருக்கிறார்கள். நல்லதுதான்.

கிடைத்த பிறகும் அது முழுசாக உங்களுடையது அல்ல. ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, முடிவு வந்த பிறகுதான் திரும்ப வாங்க முடியும். திருடன் தேர்தல் அட்டவணை பார்த்து வருவானா என்று கேட்காதீர்கள். நான் கேட்டேன், என் மேலதிகாரி சிரிக்கவில்லை.

இவ்வளவும் சட்டம். இதை எல்லாம் தாண்டி பிஸ்டல் கையில் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். இரவு இரண்டு மணி. நாய் குரைக்கிறது. உங்களுக்கு அறுபத்தெட்டு வயது, ஒரு கண்ணில் கண்புரை ஆபரேஷன் ஆகியிருக்கிறது, சர்க்கரை மாத்திரை போட்டுத் தூங்கியிருக்கிறீர்கள். பிஸ்டல் பூட்டிய பீரோவில் இருக்கிறது, ஏனென்றால் பேரப்பிள்ளைகள் லீவுக்கு வருவார்கள், பூட்டித்தான் வைக்க வேண்டும். கண்ணாடியைத் தேடி, சாவியைத் தேடி, பீரோவைத் திறந்து, தோட்டாவைப் போட்டு, செமி ஆட்டோமேட்டிக் என்றால் மேல்பகுதியைப் பின்னால் இழுத்துவிட வேண்டும். அதற்கு விரல்களில் வலு வேண்டும். முடக்குவாதம் வந்த கைக்கு அது அவ்வளவு சுலபம் அல்ல. இதற்குள் வந்தவன் வீட்டுக்குள் நிற்கிறான். மூன்று பேராக வந்திருக்கிறான். அவன் கையில் கடப்பாரை. அவனுக்கு இருட்டு பழக்கம், உங்களுக்கு இல்லை. உங்கள் மனைவி நடுவில் நிற்கிறார்.

போலீஸ்காரர் வருடா வருடம் பயிற்சி எடுத்தே பதற்றத்தில் குறி தவறுகிறார். நீங்கள் வாங்கிய அன்று ஒரு தடவை சுட்டுப் பார்த்துவிட்டு, பிறகு தோட்டா விலைக்குப் பயந்து தொடாமலே வைத்திருப்பீர்கள்.

திருடனைச் சுடச் சட்டத்தில் இடம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. மறைக்க மாட்டேன். இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 41-ஆம் பிரிவு, கொள்ளையையும் சூரியன் மறைந்து உதிப்பதற்குள் வீட்டை உடைத்து நுழைவதையும் தடுக்க, நிலைமையின் தேவைக்கு மிஞ்சாமல், உயிர்ச்சேதம் வரை போகும் தற்காப்பு உரிமையைக் கொடுக்கிறது. பழைய தண்டனைச் சட்டத்திலும் இருந்ததுதான். ஆனால் உரிமை சட்டப் புத்தகத்தில் இருப்பதும், கோர்ட்டில் பல வருடம் நின்று அதை நிரூபிப்பதும் ஒன்றல்ல.

துப்பாக்கி என்றதும் நம் ஆட்களுக்கு நினைவுக்கு வருவது வாஞ்சிநாதன். 1911 ஜூன் 17, மணியாச்சி சந்திப்பு, பிரௌனிங் பிஸ்டல். எங்கள் புதுச்சேரியில் வ.வே.சு. ஐயரிடம் பயிற்சி எடுத்துக்கொண்டு போனவர். அது ஒரு காலம், ஒரு காரியம், ஒரு முடிவு. சுட்டவர் அங்கேயே தன்னையும் சுட்டுக்கொண்டார். வீட்டுப் பாதுகாப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சம்பந்தம் உள்ள கதை வேறு. 1967 ஜனவரி 12, ராமாவரம் தோட்டம். என் வயதுக்காரர்களுக்கு அந்த ரேடியோச் செய்தி நினைவிருக்கும். எம்.ஜி.ஆரைச் சுட்டது சுவர் ஏறிக் குதித்த திருடன் அல்ல. கூட எத்தனையோ படத்தில் நடித்த, வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த எம்.ஆர். ராதா. பிறகு தன்னையும் சுட்டுக்கொண்டார். இருவரும் பிழைத்தது அதிர்ஷ்டம். எம்.ஜி.ஆரின் குரல் அதோடு போனது. வீட்டில் இருக்கும் துப்பாக்கி பெரும்பாலும் இப்படித்தான் பயன்படுகிறது, தெரிந்தவர்கள்மேல், கோபத்தில், பங்காளிச் சண்டையில். நம் பக்கம் வரப்புத் தகராறும் பாகப்பிரிவினையும் இல்லாத தோட்டம் எத்தனை? அந்த வீடுகளில் எத்தனை பேர் மாலை ஆனால் டாஸ்மாக்குக்குப் போய் வருகிறார்கள்? கணக்கு எடுங்கள், பிறகு பிஸ்டலைப் பற்றிப் பேசுவோம்.

இன்னொன்றை எழுதத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். இந்த ஊர் ஏறி இறங்குகிற ஊர். 2011 ஜனவரியில் நொய்யல் வழக்கில் உயர்நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது எத்தனை வீடுகளில் இரவில் விளக்கு அணையாமல் இருந்தது என்பது இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது மறுபடி பார்த்தோம். வாங்கிய கடன், நின்றுபோன ஆர்டர், சனிக்கிழமைச் சம்பளம். அப்படிப்பட்ட ஒரு இரவில் அலமாரியில் ஒரு பிஸ்டல் இருப்பதை நான் விரும்பமாட்டேன். அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். டெக்சாஸ் மருமகன் படம் அனுப்பும்போது இதையும் சேர்த்து அனுப்பியிருக்கலாம்.

ஆனால் என் நடைத் தோழரின் பயத்தை நான் கேலி செய்யவில்லை. 2024 நவம்பர் கடைசியில் பல்லடம் பக்கம் சேமலைக்கவுண்டம்பாளையத்தில் ஒரே வீட்டில் அப்பா, அம்மா, மகன் என்று மூவரும் கொல்லப்பட்டார்கள். அடுத்த வருடம் கோடையில் சிவகிரி பக்கம் ஒரு வயதான தம்பதி. கொங்கு நாட்டுச் சாளைகள் தஞ்சாவூர் தெரு மாதிரி சுவரோடு சுவர் ஒட்டியிருப்பதில்லை. ஆளுக்கொரு தோட்டம், தோட்டத்துக்கு நடுவில் வீடு. கூப்பிட்டால் அடுத்த வீட்டுக்குக் கேட்காது. முன்பு அந்தச் சாளையில் பண்ணையத்து ஆள், மாடு மேய்க்கும் பையன், மூன்று மகன், இரண்டு மருமகள் என்று பத்துப் பேர் இருப்பார்கள். இப்போது மகன் திருப்பூரில் கம்பெனியில், மகள் பெங்களூரில், பேரன் அமெரிக்காவில். மிச்சம் இரண்டு கிழங்கள், ஒரு நாய், கழுத்தில் பவுன். அந்தக் கொலைகளுக்குப் பிறகு தூக்கம் வரவில்லை என்று சொன்ன அம்மாக்களை எனக்குத் தெரியும்.

என் கோபம் அவர்கள்மேல் இல்லை. 'ஆளுக்கொரு துப்பாக்கி கொடு' என்று மைக்கில் பேசுகிறவர்கள்மேல். கேட்க வீரமாக இருக்கிறது. அதன் அர்த்தம் என்ன? ராத்திரி ரோந்து வர வேண்டியவன் வரமாட்டான், நீயே பார்த்துக்கொள், அதுவும் உன் காசில், 40 சதவீத வரியோடு. வரி கட்டி, மின்சாரக் கட்டணம் கட்டி, அறுபது வருடம் உழைத்த ஒருவரை, எழுபதாவது வயதில் தன் வீட்டுக்குத் தானே காவல்காரன் ஆக்குகிறார்கள். அதை உரிமை என்று வேறு பெயர் வைக்கிறார்கள். இப்படிப் பேசுகிற தலைவர் வீட்டு வாசலில் அரசாங்கச் செலவில் ஒரு போலீஸ்காரர் நிற்பார், பாருங்கள்.

அந்த இரண்டு லட்சத்தை வைத்து என்ன செய்யலாம் என்று தோழர் கேட்டார். சாளையைச் சுற்றி நான்கு கம்பம், மின்சாரம் போனாலும் எரியும் சூரிய விளக்கு. பின்கதவுக்கு உள்ளிருந்து போடும் இரும்புத் தாழ். பக்கத்து நான்கு தோட்டத்துக்கும் கேட்கிற மாதிரி, கட்டிலுக்கு அருகில் பொத்தான் வைத்த ஒரு சைரன். மில் சங்கு மாதிரி ஒரு சத்தம் கேட்டால் நான்கு வீட்டிலும் விளக்குப் போடுவது, நான்கு பேரும் போனில் 112 அடிப்பது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது. நகையை பேங்க் லாக்கரில் வைப்பது, வைத்திருக்கிறோம் என்பதை ஊருக்குத் தெரியும்படி சொல்வது. சாளையில் பவுன் இல்லை என்று தெரிந்தால் பாதிக் காரணம் போய்விடும். இதற்கெல்லாம் சேர்த்தும் இரண்டு லட்சத்தில் மிச்சம் இருக்கும், இதற்கு லைசென்ஸும் வேண்டாம். அவருக்கு இதில் அவ்வளவு திருப்தி இல்லை. "சைரனைக் கண்டு எவன் சார் பயப்படுவான்?" என்றார். பயப்பட வேண்டாங்க, மற்றவன் முழித்துக்கொண்டால் போதும் என்றேன்.

வருகிற திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர் நாள். எங்கள் நடைக் கூட்டத்தில் பதினோரு பேர் சேர்ந்து ஒரு மனு கொண்டு போகிறோம். எழுதியது நான், குமாஸ்தா புத்தி, மூன்று பக்கத்தை ஒரு பக்கமாக வெட்டியிருக்கிறேன். துப்பாக்கி என்ற சொல்லே அதில் கிடையாது. தனித்து இருக்கும் சாளைகளின் பட்டியலை ஒவ்வொரு ஸ்டேஷனிலும் எடுக்க வேண்டும், இரவு ரோந்து வந்தவர் அந்த வீட்டில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட ஒரு நோட்டு வைக்க வேண்டும், அந்த நோட்டை மாதம் ஒரு முறை மேலதிகாரி பார்க்க வேண்டும், இவ்வளவுதான். பட்டியலில் உங்கள் தோட்டமும் சேர வேண்டும் என்றால் சனிக்கிழமைக்குள் சர்வே எண்ணோடு எனக்குச் சொல்லுங்கள். காலை பத்து மணிக்கு வாசலில் இருப்போம்.